பூனாவில் வாங்கிய லில்லிக் கிழங்குகள்

செம்பூரில் நாங்கள் குடியிருந்தது கீழ்த்தள வீடு. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு மண் கிடந்தது. மாடிக்காரர்களின் தண்ணீர்க் குழாய் ஒழுகி எப்போதும் ஈரமாக இருக்கும். துணி காயப்போடக்கூட அதை யாரும் பயன்படுத்தவில்லை.

நான் அப்போது கோட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கணவருக்கு டிராம்பேயில் வேலை. ஷிஃப்ட் முறை. ஸ்டேஷனுக்கு நடந்து போகிற வழியில் ஒரு பங்களா உண்டு. பங்குனி வெயில் தொடங்கியதும் அதன் வாசல் பாதையின் இரண்டு பக்கமும் சிவப்பு லில்லி பூக்கும். தடித்த பச்சைத் தண்டு, அதன் உச்சியில் நாலு திசையும் பார்த்தபடி நாலு பூ. ரயிலுக்கு நேரமானாலும் அங்கே என் கால் நின்றுவிடும்.

ஒரு மாலை அந்த வீட்டம்மாள் வெளிகேட் அருகே நின்றிருந்தாள். இந்தக் கிழங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவள் என் டிபன் பையைப் பார்த்துவிட்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று விசாரித்தாள். சொன்னேன். "அந்த மாதிரி இடத்திலெல்லாம் இது வராதம்மா, இதற்குத் தோட்டம் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரலில் கடுமை இல்லை. உண்மையிலேயே எனக்கு வீண்செலவு வேண்டாம் என்று நினைத்துத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீடு வந்து சேருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரமே மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் நடைபாதையில் ஒருவன் சாக்கில் குவித்து விற்றுக்கொண்டிருந்ததை வாங்கி வந்து நட்டேன். இலை வந்தது. பூ வரவில்லை. மழைக்காலத்தில் இலையும் மஞ்சளாகிச் சாய்ந்தது. தோண்டி எடுத்தபோது அழுகிய வெங்காய நாற்றம். கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இத்தோடு விட்டுவிடு என்றார்.

நான் அவற்றை அரிவாள்மணையில் வைத்து ஒவ்வொன்றாக அரிந்து பார்த்தேன். எல்லாம் சிறிய கிழங்குகள். வேர் கிளம்புகிற அடித்தட்டு குழைந்திருந்தது. தண்ணீர் தேங்கியது பாதிக் காரணம் என்றால், வாங்கிய சரக்கு மீதிக் காரணம். முதல் பாதியை நானே சரிசெய்தேன். எதிர்ச்சாரியில் கட்டடம் இடித்த இடத்திலிருந்து செங்கல் துண்டுகளைப் பையில் சுமந்து வந்து பரப்பி, மேலே மணலும் மண்ணும் கலந்து கொட்டி, பாத்தியை முழங்கால் உயரத்துக்கு எழுப்பினேன். அலுவலகம் விட்டு வந்து, இருட்டுவதற்கு முன் கிடைத்த நேரத்தில் செய்த வேலை அது. மாடிக் குழாயைச் சரிசெய்யச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரரிடம் நடையாய் நடந்தேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் பிளம்பரை அனுப்பினார்.

நல்ல கிழங்கு வேண்டுமென்றால் பூனாவுக்குத்தான் போகவேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு மராட்டிக்காரி சொன்னாள். அங்கே ஒரு நர்சரியில் கிழங்குக்கென்றே தனிக் கொட்டகை இருக்கிறதாம். குளிர் தொடங்கியதும் புறப்பட்டேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, சர்ச்சுக்குப் போகிற நாள். கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"கோயிலுக்கு வராம கெழங்கு வாங்கப் போறியாக்கும்?" என்றார்.

"ஆமா. ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டாரு. நீங்கதான் கோவிச்சுக்கிடுதீய" என்றேன்.

ஆனால் காலையில் தாதர் வரைக்கும் கூட வந்து ரயில் ஏற்றிவிட்டார்.

நர்சரிக்காரர் வயதானவர், தலையில் கம்பளித் தொப்பி. பங்களாக்காரர்களுக்கும் கம்பெனித் தோட்டங்களுக்கும் மொத்தமாக விற்கிறவர். எனக்கு ஒரு பையை எடுத்து நீட்டினார். நானே பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். குவியலில் கைவைக்க யாரையும் விடுவதில்லை என்றார். "சப் ஏக் ஹி ஹை, பாயி." எல்லாம் ஒன்றுதான் அம்மா என்கிறார்.

பையைப் பிரித்து ஒன்றை அழுத்தினேன். அடிப்பக்கம் விரலுக்கு அமுங்கியது. அதைத் தனியே வைத்துவிட்டு, ஒரு சின்னக் கிழங்கையும், குவியலின் மேலேயிருந்த பெரிய கிழங்கு ஒன்றையும் காட்டி, இரண்டுக்கும் விலை தருகிறேன், என் கண்முன்னால் வெட்டுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நகரவில்லை. பின்னால் வேறு வாடிக்கைக்காரர்கள் வந்து நின்றார்கள். அப்போதும் நகரவில்லை.

கத்தியை எடுத்து நெடுக்காக இரண்டையும் பிளந்தார். சின்னதில் வெள்ளை மடல்கள் மட்டும் இருந்தன. பெரியதின் நடுவே, மடல்களுக்கு இடையில், நெல்மணி அளவுக்கு வெளிர்பச்சையாக ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து வரவேண்டிய பூ. அதை வெட்டச் சொன்னது நான்தான் என்று நினைத்ததும் மனசு ஒரு மாதிரி ஆயிற்று.

"இந்த மாதிரிதான் எனக்கு வேண்டும்" என்றேன்.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துக் குவியலுக்கு அருகே போட்டார். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கனம் பார்த்து, அடியை அழுத்தி, கழுத்து காய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கினேன். ஊர் திரும்பும்போது பை மடியிலேயே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வெங்காயம் என்றே நினைத்திருப்பார்கள்.

கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டேன். மாசி முடிகிற சமயத்தில் சில கிழங்குகள் இலை மட்டும் விட்டன. சிலவற்றில் இலைக்கு முன்பே தண்டு கிளம்பியது. தினமும் அலுவலகம் கிளம்புமுன் பின்கதவைத் திறந்து பார்ப்பேன். ஒரு புதன்கிழமை காலை முதல் தண்டின் உறை பிரிந்து இரண்டு பூ முழுதாக விரிந்திருந்தது.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. மூலைக்கடைப் போனிலிருந்து மேலதிகாரியைக் கூப்பிட்டு, வீட்டில் லில்லி பூத்திருக்கிறது, லீவு வேண்டும் என்றேன். வேறு காரணம் சொல்லத் தோன்றவில்லை. அவர் சரி என்றார்.

படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் என்னைத் தேடிப் பின்பக்கம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய்ப் பூவுக்குள் முகத்தை வைத்து மோந்து பார்த்தார்.

"வாசமே இல்லையே."

"இதுக்கு வாசம் கெடையாது."

"இல்லேன்னா என்ன, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவர் மூக்கு நுனியில் மஞ்சள் மகரந்தம் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை. அப்படியே காப்பி குடித்து, அப்படியே போய்ப் படுத்துத் தூங்கினார்.