ரத்தினக்கா கலந்த மாத்திரை

போன புதன்கிழமை டாக்டரிடம் திட்டு வாங்கினேன். இந்த வயதில், பத்துப் பேர் உட்கார்ந்திருந்த வராந்தாவில். யாராவது சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு வியர்த்துவிடும். உங்களுக்குத்தான் தெரியுமே.

எனக்கும் ரத்தினக்காவுக்கும் நெஞ்சுவலி. மைசூரில் ஒரே ஊதுபத்தி கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரியில் இதய ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்தோம். வழக்கமான மருந்தோடு தினமும் ஒரு வெள்ளை மாத்திரை. ஆளுக்கொரு டப்பா, மேலே நம்பர். சிலர் டப்பாவில் புது மருந்து. சிலர் டப்பாவில் பார்க்க அதே மாதிரி வெறும் மாவு. யாருக்கு எது? டாக்டருக்கே தெரியாதாம். தெரிந்தால் ஆராய்ச்சி கெட்டுவிடுமாம். தெரியாமல் கொடுப்பதற்கா இவ்வளவு படித்தார்... கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஒரு மாதம் ஆனது. மாடியில் இருக்கும் பேக்கிங் பிரிவுக்கு நான் ஒரே மூச்சில் ஏறினேன். அக்கா பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூன்றாவது தடவை உட்கார்ந்த அன்று, முடியாவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள்ளலாமே என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் மருந்தை நான் திருடித் தின்பது போல் இருந்தது எனக்கு.

எங்கள் கம்பெனியில் மதியம் எல்லா டிபன் பாக்ஸும் நடுவில்தான். தன் குழம்பைத் தானே சாப்பிட்டவர் கிடையாது. அன்று சாப்பிட்டு முடித்ததும் அக்கா என் டப்பாவைக் கேட்டு வாங்கினார். தன்னுடையதையும் எடுத்தார். இரண்டையும் ஒரு மூடியில் கொட்டிக் கலந்தார்.

"ஏக்கா... டாக்டருக்குத் தெரிஞ்சா?"

"அவருக்குத்தான் ஒண்ணுந் தெரியாதுன்னு அவரே சொல்றாரே புள்ள."

பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

அடுத்த வாரமே அக்கா மாடி ஏறிவிட்டார். பாதிப் படியில் உட்கார்ந்தது நான்.

புதன்கிழமை டாக்டர் மீதி மாத்திரைகளை எண்ணினார். சரியாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அக்கா பெருமையாக, "நாங்க உன்னுது என்னுதுன்னு பாக்கறதில்லைங்க சார், கலந்துதான் திங்கறோம்" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எங்களை வராந்தாவுக்கே கூட்டிவந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார்.

"ஏனம்மா, இது என்ன ஊட்டாவா, மதியச் சாப்பாடா? பங்கு போட்டுச் சாப்பிட?"

எந்த நம்பர் டப்பாவில் எது என்ற ரகசியப் பட்டியலை எங்கேயோ வைத்திருப்பவர்களுக்குப் போன் போட்டார். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் இரண்டு டப்பாவிலும் இருந்தது ஒரே சரக்காம். ஆராய்ச்சி பிழைத்தது. நாங்களும் தொடரலாம்.

"ஒரே சரக்குன்னா... ரெண்டும் மருந்துங்களா, ரெண்டும் மாவுங்களா?" என்றார் அக்கா.

"அதை அவங்க சொல்லமாட்டாங்க. எனக்கும் தெரியாது."

அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாளைக்கு மறுபடியும் அந்தப் படி ஏற வேண்டும். சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சட்டைப் பையில் நம்பர் டப்பாவோடு, மூச்சு வாங்காமல், கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். அக்கா மெல்ல நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, உங்க டப்பாவுல இன்னும் எத்தனை இருக்குதுங்க?"

நான் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன்.