“அஸர் தொழுதேனா, மகள்?”

அளவற்ற அருளாளனைப் புகழ்ந்து, எங்கள் வாப்பா அவர்கள் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இதை எழுதுகிறேன். தம்மைப் புகழ்வதை வாப்பா விரும்பமாட்டார்கள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

வாப்பா பிறந்தது உக்குவளையில். இளவயதிலேயே தந்தையை இழந்து, தங்கைகள் மூவரையும் கரைசேர்த்த பிறகே தாம் மணம் முடித்தார்கள். பலாபத்வலையில் மிளகு, கராம்பு வாங்கும் கடை வைத்திருந்தார்கள். பாங்கு கேட்டதும் தராசை அப்படியே விட்டுவிட்டுத் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். யட்டவத்தையிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள் மூட்டை மேலேயே உட்கார்ந்து காத்திருப்பார்கள். நாங்கள் முணுமுணுத்தால், “யாவாரம் நாளைக்கும் வரும். இந்தத் தொழுகை வக்து திரும்பி வருமா?” என்பார்கள்.

நான் பிடித்த முதல் நோன்பில், மறந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு அழுதேன். வாப்பா சிரித்தார்கள். “மறந்து குடிச்சா நோன்பு முறியாது மகள். அது அல்லாஹ் ஒனக்குத் தந்த தண்ணி.”

கடைசி இரண்டு வருடங்கள் மறதி வாப்பாவைப் பிடித்துக்கொண்டது. ஒரு நோன்புப் பகலில் தேநீரில் ரஸ்க்கைத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். கோப்பையைப் பறிக்கப் பாய்ந்த தம்பியைத் தடுத்து, அதே வார்த்தையை நான் சொன்னேன். ஆனால் தொழுகையில் மட்டும் வாப்பாவுக்கு மனம் ஆறவில்லை. தொழுதோமா என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்பக் கைகால் கழுவி ஒளூ செய்து தொழுதார்கள். ஒருநாள் என் கையைப் பிடித்து, “எனக்கு நம்பிக்கை இல்ல மகள். தொழுதாச்சுன்னு நீ சொன்னாப் போதும்” என்றார்கள்.

கடைசி நாளன்று நடுப்பகல் ளுஹரை மட்டும் நான்கு தடவை தொழுதார்கள். ஒவ்வொரு தடவையும் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனதில் என் இடுப்பு விட்டுப்போனது. பிற்பகல் அஸருக்குப் பாங்கு ஒலித்துச் சிறிது நேரத்தில் வாப்பா கேட்டார்கள்.

“அஸர் தொழுதேனா, மகள்?”

தொழவில்லை.

“தொழுதுட்டீங்க வாப்பா. சாஞ்சுக்கங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்து மஃரிப் வருமுன்பே வாப்பா மௌத்தானார்கள்.

பள்ளியில் தொழவைக்கும் ஹஸ்ரத்திடம் இதை அழுதுகொண்டே சொன்னேன். “நினைவு தப்பினவங்க மேல கடமை இல்ல. வாப்பாவுக்குக் குத்தமில்ல” என்றார். என்னைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டவர்களுக்கும், மையவாடி வரை தோள் கொடுத்தவர்களுக்கும், மூன்று நாட்கள் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், துக்கத்துக்குக் கடை வாசலில் வெள்ளைக்கொடி கட்டிய யட்டவத்தை விவசாயிகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது.

வாப்பாவுக்காக துஆ கேளுங்கள். மறந்து செய்ததற்கு மன்னிப்பு உண்டென்று வாப்பாதான் சொல்லித் தந்தார்கள். நான் மறந்து சொல்லவில்லை. உங்கள் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

— மகள்