ஆட்சேபணை செய்வார் யாருமில்லை

யாரும் இல்லாத இடம் என்று எதை நம்பி எழுதினேன்?

சாத்தூருக்குப் பக்கத்தில், என் கணவர் வேலை பார்க்கும் வெடிக் கம்பெனிக்கு அருகில் குடியிருக்கிறோம். பின்னால் இருக்கும் குடிசைகளில் பெண்கள், எடைக்கு வாங்கிவரும் பழைய புத்தகத் தாள்களை வெடிக்குழாயாக உருட்டுவார்கள். உருட்டுவதற்கு முன் தாள்கட்டுகளை என்னிடம் கொண்டுவருவார்கள். நான் பள்ளி இறுதி வரை படித்தவள். சாமி படம், சாமி பேர் உள்ள தாள்களை நான் எடுத்துவிட வேண்டும். சாமியை வெடியாக உருட்ட அவர்களுக்கு மனம் வராது.

ஒருநாள் ஒரு தாளில் அடர்ந்த தாடியோடு ஒருவர் படம் வந்தது.

“இவரு சேசுவா தாயி?” என்று கேட்டார் பின்வீட்டு அக்கா.

“ஏக்கா, சேசு எந்தக் காலத்துல கோட்டுப் போட்டாரு?” என்று கூட வந்தவள் சிரித்தாள்.

படித்துச் சொன்னேன். யூதர்களுக்கென்று ஒரு நாடு வேண்டும் என்று முதலில் எழுந்தவர்களில் ஒருவர். போன இடமெல்லாம் அடிபட்ட சனத்துக்காக ராஜாக்களையும் சுல்தானையும் பார்த்து மனுக் கொடுத்தவர். நாடு கிடைக்குமுன், சின்ன வயதிலேயே இறந்துபோனவர். நாடு உண்டானபின் அவருடைய எலும்பை எடுத்துப்போய் அங்கே ஒரு மலையில் புதைத்தார்களாம்.

அக்கா அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லை.

“நமக்கும் ஒரு மனு எழுதுங்க தாயி. குளத்துக்கு மேக்க புறம்போக்கு சும்மாதான் கெடக்கு.”

அக்காவின் குடிசை வெடிமருந்து காயவைக்கும் களத்தை ஒட்டி இருந்தது. மடியில் ஆறு மாதப் பிள்ளை. ஒரு பொறி போதும். நானும் பிள்ளை வைத்திருப்பவள். என் மகளுக்கு அப்போது அம்மை போட்டிருந்ததால் வெளியே போய் இடத்தைப் பார்க்கவில்லை. ‘மேற்படி இடம் காலியாக உள்ளது. ஆட்சேபணை செய்வார் யாருமில்லை’ என்று தாசில்தாருக்கு அழகாக எழுதிக் கொடுத்தேன்.

அடுத்து வந்த தாள்கட்டில் அந்தப் புத்தகத்தின் மீதித் தாள்கள் இருந்தன. அந்த நாட்டில் முன்பே குடியிருந்தவர்களைப் பற்றி நாலு வரி. வீட்டைப் பூட்டிச் சாவியோடு போனவர்கள், திரும்பி வர முடியாதவர்கள்.

மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே குளத்துக்கு மேற்கே போனேன். முழங்கால் உயரம் கம்பம்பயிர் நின்றது. ஒரு குடிசை, ஆறேழு ஆடுகள், கைப்பிள்ளையோடு ஒருத்தி.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

“அவுககிட்ட பட்டா இருக்கா? இல்லேல்ல? மிச்சத்தத் தாசில்தார் பாத்துக்குவாரு. நீ சும்மா கெட.”

சும்மா இருந்தேன். அங்கே ஆள் குடியிருக்கிறது என்று இன்னொரு மனு எழுதியிருக்கலாம். எழுதினால் அக்காவின் பிள்ளை களத்து ஓரத்திலேயே வளரும். இரண்டு முறை காகிதம் எடுத்து, இரண்டு முறையும் மடித்து வைத்தேன்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. ஆட்டுக்காரி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போனாள். நின்று என்னைப் பார்த்தாள்.

“எழுதுனது நீங்கதானா? கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சுன்னு தாலுகா ஆபீசுல சொன்னாக.”

தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடிக்கவில்லை.

இப்போது அக்காவின் தங்கைகள் இரண்டு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்கள் குடிசைகளும் களத்து ஓரம்தான். இரண்டிலும் சின்னப் பிள்ளைகள். அக்காவின் புது வீட்டுக்குத் தெற்கே உள்ள இடத்துக்கு மனு வேண்டுமாம். இந்தத் தடவை முதலில் போய்ப் பார்த்தேன். ஆளைக் காணோம். ஆனால் நாலு முருங்கைக் கன்று நட்டிருக்கிறது, வேரடியில் ஈரம். யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டால் அக்கா, “அதெல்லாம் தானா மொளச்சது தாயி” என்கிறார்.

வெள்ளிக்கிழமை மனு வாங்க வருவார்கள். நான் எழுதிக் கொடுக்கவா, மாட்டேன் என்று சொல்லவா? எழுதினால் அந்த இடத்தைப் பற்றி என்ன எழுத? பிள்ளை பெற்றவர்கள் யாராவது எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.