இரண்டு ஊர், ஒரே பீலி

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் காய்ச்சலோடு வருகிறவர்களின் ஊரைக் கம்ப்யூட்டரில் பதிவது என் வேலை. ஒரே இடத்திலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டால் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ.க்குச் சொல்வேன். அவர் அந்தத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்கெல்லாம் தடுப்பு மாத்திரை கொண்டுபோவார்.

இன்று காலை றக்வான பஸ்ஸில் ஓர் அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். போன வாரம் கணவரைக் கூட்டிவந்தவர்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"ரத்னபுரியில ஐ.சி.யூ.ல இருக்காரு மிஸ். எலிக்காய்ச்சலாம். அவருக்கு முந்தியே எங்க லயத்துல ரெண்டு பேரு உங்ககிட்ட வந்தாங்களே."

பெயர்களைக் கேட்டதும் ஞாபகம் வந்தது. இரண்டு பேரையும் நான்தான் பதிந்தேன். ஒருவர் தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரைச் சொன்னார். மற்றவர் லயத்தில் புழங்கும் பெயரில் கீழ்க்கணக்கு என்றார். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஊர். அதனால் பி.எச்.ஐ.க்கு நான் சொல்லவில்லை.

அந்த அக்கா கோபப்படவில்லை.

"நீங்க விலாசந்தானே மிஸ் கேட்டீங்க. எந்தப் பீலியில தண்ணி எடுக்கிறீங்கன்னு கேட்டிருந்தா, ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்லியிருப்பாங்க."

நாளையிலிருந்து அதையும் கேட்பேன். கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் இல்லை, கொப்பியில் எழுதிக்கொள்வேன்.

உங்கள் லயத்துக்கு எத்தனை பெயர் என்று கீழே கமெண்டில் சொல்லுங்கள்.

நான் பிறந்த லயத்துக்கு மூன்று.