மூன்று நாள் தடிப்பு

காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினால், புளியங்கொட்டை அளவில் இரண்டு கட்டிகள் தோலுக்கடியில் வழுக்கி நகரும்; தொட்டால் வலிக்கும், தொடாமலும் இருக்க முடியாது. எழுபதுகளின் நடுவில், மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது, ஒன்பது வயதுச் சிறுமியான நான் யாருக்கும் தெரியாமல் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பிலோமினாவை, முகமெல்லாம் சிவப்பாகத் தடித்திருந்ததால், "மணல்வாரி அம்மை" என்று சொல்லி இரண்டு வாரத்துக்கு முன்பு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு வந்திருப்பதும் அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வருடம் சப்பரத்துக்கு முன்னால் பூத் தூவும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அம்மை கண்ட பிள்ளையை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். அதனால் அண்ணனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். கழுத்தில் தெரிந்ததை அம்மா "வேர்க்குரு" என்று சொல்லிப் பவுடர் போட்டுவிட்டாள்.

திருவிழாவுக்கு வெள்ளைக் கவுன் தைத்துத் தர முத்தையாபுரத்திலிருந்து சித்தி வந்தாள். சித்தப்பாவுக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தையில்லாமல் இருந்து, அப்போதுதான் அவளுக்கு இரண்டு மாதம். அளவெடுக்கும்போது அவள் விரல் என் காதுக்குப் பின்னால் பட்டது.

"ஏளா, என்ன இது கட்டியா இருக்கு? ஒடம்பும் சுடுத மாரி இருக்கே."

"பேன் கடிச்சு சொறிஞ்சேன் சித்தி," என்றேன்.

அவள் நம்பினாள். எங்கள் வீட்டில் தங்கிய இரண்டு ராத்திரியும் என்னை அணைத்துக்கொண்டே படுத்தாள். கவுன் அழகாக இருந்தது; பூவும் தூவினேன்.

பிறகு சித்திக்கு உடம்பெல்லாம் தடித்து, மூன்றே நாளில் மறைந்துபோனதாக அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

ஸ்டெல்லா பிறந்தபோது, உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போலிருந்தாள். இரண்டு கண்மணிகளிலும் பாலாடை படிந்ததுபோல வெள்ளை. தலைமாட்டில் தட்டு விழுந்தாலும் அசையாமல் தூங்கினாள். சித்தியின் மாமியார் காரணத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "கிரகணத்தன்னைக்கு இவ மீன் அறுத்தா. வேண்டாம்னு சொன்னேன், கேட்டாளா?" என்று, குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் குழந்தையைக் கொண்டுபோனபோது, பள்ளி விடுமுறை என்பதால் பை தூக்க என்னையும் கூட்டிப்போனார்கள். மாமியாரும் வந்திருந்தாள். டாக்டர் குழந்தையின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "மாசமா இருக்கையில மேலெல்லாம் சிவப்பாத் தடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா சார். மூணு நாளு. அதுவாப் போயிட்டு."

அது ஜெர்மன் அம்மை என்றும், வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் காதையும் தாக்கும் என்றும், வெளிநாட்டில் அதற்கு ஊசி வந்துவிட்டது, இங்கே இன்னும் வரவில்லை என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். பிறகு, "ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்துறது. அப்ப பக்கத்துல யாருக்கும் இருந்துதா?" என்றார்.

சித்தி யோசித்தாள். "இல்லியே சார்."

பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவளுக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் மாமியார் சொன்னாள்: "மூணு நாள் தடிப்பு கண்ணைக் கெடுக்குமாக்கும். அப்ப எங்கன இருந்து வந்துச்சுன்னு இவளைச் சொல்லச் சொல்லு." சித்தியால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு பதினெட்டு வருடம், அந்தக் கிழவி கண்மூடும்வரை, அந்த வீட்டில் கிரகணம்தான் காரணமாக இருந்தது. அறுவை செய்து ஸ்டெல்லாவுக்கு ஒரு கண்ணில் பார்வை ஓரளவு வந்தது, காது வரவேயில்லை. ஆறு வயதில் அவளைக் காது கேளாதோர் பள்ளி விடுதியில் விட்டுவிட்டு வந்த சித்தியைப் பார்த்து, "செஞ்ச பாவத்தைக் கொண்டு விட்டுட்டு வாரா" என்று கிழவி சொன்னபோதும் நான் அந்த வீட்டில் இருந்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு பேரனுடைய பள்ளியில் ஜெர்மன் அம்மைக்கான ஊசி போடச் சம்மதம் கேட்டுத் தாள் கொடுத்துவிட்டார்கள். கைபேசியில் வந்த பயமுறுத்தல்களைப் படித்துவிட்டு, மருமகள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அன்றுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவை எடுத்தாள். அவளிடம் சொன்ன பிறகு சித்தியிடம் சொல்லாமல் இருப்பது நியாயமாகப் படவில்லை.

சித்தியின் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கிரகணக் கதையைக் கேட்ட அக்கம்பக்கத்தார் ஒருவரும் அங்கே இல்லை. இரண்டு தெரு தள்ளி, வாடகை வீட்டில் சித்தியும் ஸ்டெல்லாவும் இருக்கிறார்கள். நான் சொல்லி முடித்ததும் சித்தி தன் கைகளைப் பார்த்தாள்.

"காய்ச்சலுக்கு நீ என்னளா செய்வ, சின்னப் பிள்ளை," என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "ஆஸ்பத்திரில வாயத் தொறந்திருக்கலாம்லா," என்றாள்.

டீ கொண்டுவந்த ஸ்டெல்லா எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, என்னவென்று விரலால் கேட்டாள். சித்தி கையை அசைத்து நீளமாக ஏதோ சொன்னாள். ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வருடமாகச் சித்தி வீட்டுக்குப் போய்வந்தும், அவர்கள் கைப்பேச்சில் ஒரு வார்த்தைகூட நான் கற்றுக்கொள்ளவில்லை.