எதிர்க்காற்றில் ஒரு தோணி

செல்லூரில் நான் கட்டிய புது வீட்டின் சுவரில் படம் வரைய வந்த ஓவியர் ஒல்லியானவர். சட்டைப்பையெல்லாம் நீலக் கறை. தூரிகையைத் தொடும் முன், மூடிய அறையிலும் விரலை எச்சில்படுத்தித் தூக்கிப் பிடித்துக் காற்றின் திசை பார்ப்பார். கடலில் இருந்தவரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன பழைய பாய்மரத் தோணியை வரைந்திருந்தார். இரண்டு மரத்திலும் பாய்கள் புடைத்து நின்றன. ஆனால் தோணி வாசலைப் பார்த்துப் போனது. வீட்டுக்கு வரும் செல்வம் வெளியே போய்விடும் என்று மாமனார் முகம் சுளித்தார். மறுநாள் கிரகப்பிரவேசம்.

“தோணிய மட்டும் உள்பக்கமா திருப்பிருங்கண்ணே. பாய் அப்படியே இருக்கட்டும், நேரமில்ல” என்றேன்.

“காத்து எதுக்க அடிக்கும்ண்ணே. இம்புட்டுப் பாயையும் விரிச்சு வச்சா கவுந்துரும். உள்ள ஆளுக இருக்காங்கல்ல?”

“அதையெல்லாம் யாருய்யா பாக்கப் போறா?” என்று அதட்டினேன்.

தோணியைத் திருப்பி வரைந்தார். ஓரத்தில் ஏற்கெனவே போட்டிருந்த தன் கையெழுத்தின்மேல் நீலம் பூசி அழித்துவிட்டுப் போனார்.

விருந்துக்கு வந்த எல்லோரும் படத்தைப் புகழ்ந்தார்கள். அந்தத் தோணியில் அவர் ஓர் ஆளைக்கூட வரையவில்லை. இருந்தும், உள்ளே இருந்தவர்களைக் கடலில் தள்ளியது நான்தான்.