விசிலுக்கு ஓடாத உயிர்

பாறைவெடி வேலையில் சத்தத்துக்குப் பயந்தால் பிழைப்பு நடக்காது. இருபத்தாறு வருடம் திரி பற்றவைத்தவன் நான். வெடிக்காமல் போன குழியைத் தள்ளி நின்று பார்த்தபடியே சோறு தின்றிருக்கிறேன். ஆனால் வெடித்து முடிந்த ஒரு பாறையைக் கண்டு ஒரு முறை பயந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் புதூர்நாட்டுக்கு மேலே மலையில் ரோடு போட்டுக்கொண்டிருந்தோம். தை மாதம். வளைவு ஒன்றில் வீடு உயரத்துக்குப் பாறை மறித்தது. மூன்று நாள் ஜம்பர் என்கிற துளைக்கம்பியும் சம்மட்டியுமாக அடித்து ஒன்பது குழி போட்டோம். நான்காம் நாள் காலை சம்மட்டி ஓய்ந்தது. குழியில் வெடிமருந்து போட நான் உட்கார்ந்தேன். அப்போதுதான் காலுக்குக் கீழே பாறை முனகுவது கேட்டது.

தூரத்தில் மாவு மெஷின் ஓடுவது போல ஒரே சீரான சத்தம். கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி தொடங்கும்.

மேஸ்திரி கோவிந்தனுக்கு ஒரே குஷி. என்னைப் பார்த்துக் கத்தினார்: "தேனு, நாகராஜு! உள்ள பெரிய அடையா கீது. சாயந்தரம் ஆளுக்கு ஒரு சொம்பு!"

கல் சுமக்கும் வெள்ளச்சி பக்கத்துக் கிராமத்துக்காரி. கூடையை இறக்கிவிட்டுப் பாறையில் காது வைத்தாள்.

"தேனு இல்லீங்ணா. கரடிக்குட்டி பால் குடிச்சா இப்டித்தான் சத்தம் வரும். எங்க கொல்லை நெலத்துக்கு மேல கேட்டுக்கீறேன்."

"மூணு நாளா தலைமேல சம்மட்டி அடிக்கிறோம். கரடி இன்னா செவுடா? எப்பவோ ஓடியிருக்கும்" என்றேன்.

"குட்டி கண்ணு தொறக்காம இருந்தா, அது எப்டிங்ணா ஓடும்?"

அவள் கேட்டதை நான் சும்மா விடவில்லை. பாறையின் சரிவுப் பக்கம் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு குகைவாய் இருந்தது. அதைத் திறந்தே விட்டுவிட்டு, பின்பக்கத்து வெடிப்பில் பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை போட்டேன். எல்லோரும் தள்ளி நின்றோம். ஆளோ, மாடோ, பாம்போ, எதுவானாலும் புகைக்கும் விசிலுக்கும் ஓடிவிடும். எங்கள் தொழிலே இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. அரைமணி நேரம் புகைந்தது. எதுவும் வெளியே வரவில்லை. ஒரு தேனீகூட வரவில்லை. உள்ளே இருப்பது தேனடை இல்லை என்று அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு இன்ஜினியர் அளவெடுக்க வர்றாரு. கரடி பால் குடுக்குதுன்னு சொல்லட்டுமா?" என்று மேஸ்திரி கேட்க, ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேஸ்திரி சொல்லித்தான் செய்தேன் என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய். லைசென்ஸ் என் பேரில் இருந்தது. நான் வேண்டாம் என்றிருந்தால் அன்று வெடி கிடையாது. கல் சுமக்கிறவள் பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்தினான் என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். திமிர்தான், வேறொன்றுமில்லை.

மத்தியானம் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி நட்டு, மூன்று தரம் விசில் ஊதித் திரியைப் பற்றவைத்தேன். ஒன்பது குழியும் வெடித்தன, எண்ணினேன்.

தூசி அடங்கியது. தேனீக்குப் பயந்து எல்லோரும் தலையில் சாக்கைப் போட்டுக் காத்திருந்தோம். காட்டில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. காதில் இரைச்சல் மெல்ல விலகியது. விலகியதும், அதே முனகல். பாதிப் பாறை சிதறிக் கிடக்கிறது, ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நின்றது. மறுபடி தொடங்கியது.

"இன்னாய்யா இது..." என்ற மேஸ்திரி பின்னோக்கியே நடந்து விலகினார். வெள்ளச்சி மட்டும் முன்னால் போனாள். வெட்கத்தில் நானும் போனேன்.

குகையின் கூரை உடைந்து உள்ளே வெயில் விழுந்திருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுருண்டு படுத்திருந்தது கரடி. முதுகிலும் பிடரியிலும் கல் விழுந்து, கறுப்பு மயிர் முழுக்க வெள்ளைத் தூசி. நான் கையில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டேன்.

"கல்லைக் கீழ போடுங்ணா. அது செத்துட்டுது" என்றாள் வெள்ளச்சி.

செத்துப்போன கரடி முனகிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கல்லை நான் போடவில்லை. அவள் குனிந்து அதன் முன்காலைத் தூக்கினாள். வயிற்றுக்கு அடியில் பூனைக்குட்டி அளவில் இரண்டு குட்டிகள். கண் திறக்காதவை. மேலே ஒரு கீறல் இல்லை, தூசிகூட இல்லை. பால் குடித்துக்கொண்டு, அந்தச் சுகத்தில் முனகிக்கொண்டிருந்தன. நான் அதுவரை பயந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை. அந்தச் சுகம்தான் என்னைக் கலங்கடித்தது.

"நீங்களே எடுங்ணா" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்துகொண்டாள்.

தாயின் வயிற்றில் சூடு ஆறவில்லை. காம்பை விடமாட்டேன் என்றன குட்டிகள், இழுத்துத்தான் பிரித்தேன். முனகல் நின்று அலறல் ஆரம்பித்தது. சாயந்தரம் வந்த ஃபாரஸ்ட் கார்டு கூடையில் வைத்துக் கொண்டுபோனார். வழியிலேயே ஒன்று செத்துப்போய்விட்டதாம். மற்றதைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெடி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விசில் ஊதியதும் யார் ஓடினார்கள் என்று பார்த்தால் மட்டும் போதாது. ஓட முடியாததும், அதை விட்டு ஓட மனமில்லாததும் உள்ளே இருக்கும். நான்கு நாளும் அந்தக் குகைவாய் திறந்தேதான் கிடந்தது. அந்தத் தாய் போகவில்லை.